ரவையை விடுங்கள், கோலப்பொடியைக் கொட்டுங்கள்: வேக்குவம் கிளீனர்களை ஒப்பிடும் தமிழ்க் காணொளியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். வீட்டுச் சாதனங்களை வாங்கி வந்தோ வரவழைத்தோ, வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டு, எதை வாங்கலாம் எதை விடலாம் என்று தமிழில் காணொளி போடுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மதுரையில் சிம்மக்கல்லை ஒட்டிய ஒரு சந்தில் மின்சாதனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று தொடங்கிய கடை. இப்போது வேலை மேசையில் பாதி இடத்தை வேக்குவம் கிளீனர்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் பல உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கப்பட்டவை. அது எனக்கு எப்படித் தெரியும்? சாதனத்தோடு செல்பேசியையும் நீட்டி, உங்கள் காணொளியை ஓடவிட்டு, "இதில் இழுப்பதைப் போல என் வீட்டில் ஏன் அண்ணே இழுக்கவில்லை?" என்று என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதனால் உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படிச் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு மடல் எழுதிப் பயனில்லை. நான் எழுதுவது உண்மையாகவே ஒப்பிட நினைப்பவர்களுக்கு. என் குறை இதுதான்: நீங்கள் சோதிக்கிற வீடு எங்கள் வீடாக இல்லை, சோதிக்கிற நேரம் ஒரு மாலைப்பொழுதைத் தாண்டுவதில்லை. இவை இரண்டும் சரியாகாதவரை, "இது விளம்பரம் அல்ல" என்று நீங்கள் எத்தனை முறை சத்தியம் செய்தாலும் அந்த ஒப்பீடு நியாயமானதாக ஆகாது.

குறிப்பாக அப்ரைட் வகையைப் பற்றி. குனியாமல் நின்றபடியே தள்ளலாம் என்பதால் முட்டிவலி, இடுப்புவலி உள்ளவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது இதைத்தான். இந்த வகை எதற்காகப் பிறந்தது என்று ஒருவராவது சொல்லியிருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணி செய்துவந்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர். ஆஸ்துமாக்காரர். கம்பளத்தைப் பெருக்கும்போது கிளம்பும் தூசியில் மூச்சு முட்டியதால், மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டினார். 1908 இல் காப்புரிமை பெற்றார். அதை ஹூவர் குடும்பம் வாங்கி விற்றுப் பெரும் பெயர் பெற்றது. அடியில் சுழலும் பிரஷ், கம்பளத்தின் மயிர்க்காலுக்குள் புதைந்த மண்ணை அடித்துக் கிளப்பும். கிளம்பியதை மோட்டார் இழுக்கும். அப்ரைட் என்பதன் உயிர் அந்தச் சுழல் பிரஷ்ஷில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் போட்ட வீடுகளில் இது கோலோச்சியதற்குக் காரணமும் அதுதான்.

இப்போது எங்கள் ஊர்த் தரையைப் பாருங்கள். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்டுத் தரை, கடப்பாக்கல். எண்பதுகளில் கட்டிய வீடுகளில் மொசைக். அண்ணா நகர், கே.கே. நகர் அடுக்ககங்களில் வழவழப்பான டைல்ஸ். காரைக்குடிப் பக்கம் உறவு இருந்தால் ஆத்தங்குடிக் கல். கம்பளம் எங்கே? விருந்தாளி வந்தால் விரிக்கும் ஜமுக்காளத்தையும் கோரைப் பாயையும் உதறி மடித்து வைத்துவிடுகிறோம். வழுக்கும் தரையில் வேகமாகச் சுழலும் முரட்டு பிரஷ், மணலை உறிஞ்சுவதற்கு முன்னால் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் தெறிக்க விடும். இதற்கு விடை உண்டு: பிரஷ்ஷை நிறுத்திவைக்கும் பொத்தான், அல்லது மெத்தென்ற துணி உருளை. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் மதுரைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் நிறத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. இதற்கு இல்லை.

இன்னொரு குழப்பம். அப்ரைட் என்று நீங்கள் ஒரே வரிசையில் நிறுத்துபவை இரண்டு வேறு பொருள்கள். பழைய முறை அப்ரைட்டில் மோட்டாரும் பிரஷ்ஷும் கீழே, தரையை ஒட்டி இருக்கும். எடையைச் சக்கரங்கள் தாங்கும். இப்போது அதிகம் விற்கும் குச்சி வகையில் மோட்டார், தூசிக் கிண்ணம், பேட்டரி எல்லாம் மேலே, கைப்பிடியில் இருக்கும். மொத்த எடை குறைவுதான். ஆனால் அந்த எடை மணிக்கட்டில் தொங்கும். "வெறும் இரண்டரைக் கிலோதான்" என்று ஒரு கையில் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறீர்கள். அதே கையோடு மூன்று அறையைப் பெருக்கிவிட்டுச் சிரியுங்கள், பார்க்கலாம். ஒன்று சொல்லட்டுமா? எங்கள் பக்கம் பல வீடுகளில் இந்தச் சாதனத்தை வாங்குபவர் வேறு, பிடித்துத் தள்ளுபவர் வேறு. வேலைக்கு வரும் அக்காவின் கையில்தான் அது போகிறது. ஒரே ஒரு காணொளியிலாவது அவரிடம் கொடுத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால், கிண்ணத்தைத் திறந்து கொட்டும்போது முகத்தில் அடிக்கும் தூசியைப் பற்றி முதலில் சொல்லியிருப்பார்.

அடுத்து எண்கள். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இங்கே ஏமாற்று இல்லாமலேயே மக்கள் ஏமாறுகிறார்கள்.

வாட் என்று பெட்டியில் போட்டிருப்பது மோட்டார் குடிக்கும் மின்சாரத்தின் அளவு. தூசியை இழுக்கும் திறன் அல்ல. நல்ல வடிவமைப்பு குறைந்த வாட்டில் அதிகம் இழுக்கும். மட்டமான வடிவமைப்பு மின்சாரத்தை வாங்கிச் சூடாகவும் சத்தமாகவும் திருப்பித் தரும். இது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நேராகப் பாஸ்கலுக்குத் தாவிவிடுகிறீர்கள். "இது 20,000 பாஸ்கல், அது 25,000 பாஸ்கல், ஆகவே இதுதான் வெற்றி!"

அந்தப் பாஸ்கல் எப்போது அளக்கப்படுகிறது தெரியுமா? வாயை முழுவதும் அடைத்துவைத்து, காற்றே நுழையாதபோது. உள்ளே எவ்வளவு வெற்றிடம் உண்டாகிறது, அதாவது இழுவிசை எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும் எண் அது. காற்று ஓடாதபோது தூசி எப்படி நகரும்? தூசியைச் சுமந்து போவது ஓடுகிற காற்று. இழுவிசையும் காற்றோட்டமும் சேர்ந்து நடந்தால்தான் வேலை நடக்கிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஏர்வாட் என்கிற அளவு. வாய் முழுக்க அடைபட்டால் காற்றோட்டம் இல்லை, பெருக்குத்தொகை பூஜ்யம். வாய் முழுக்கத் திறந்திருந்தால் காற்று ஓடும், இழுவிசை அனேகமாக இல்லை, அப்போதும் பூஜ்யத்தை நெருங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் ஏர்வாட் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தையும், தலைப்பகுதியைத் தரையில் வைத்த நிலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் யார் சொல்கிறீர்கள்?

இதையே நீங்கள் வேறு விதமாகவும் செய்து காட்டுகிறீர்கள். குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்துகிறீர்கள். மோட்டார் கீச்சென்று சத்தத்தை உயர்த்துகிறது. "கேட்டீர்களா, என்ன சக்தி!" என்கிறீர்கள். அந்தக் கீச்சொலி சக்தி கூடியதால் வருவது அல்ல. தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சுமை குறைந்துபோனதால் மோட்டார் வேகமெடுத்துச் சுற்றுகிற சத்தம். அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது: வீட்டுச் சாதனங்கள் பலவற்றில் மோட்டாரைக் குளிர்விப்பதே உள்ளே இழுக்கப்படும் அந்தக் காற்றுதான். காற்று நின்றால் சூடு ஏறும். நீங்கள் சில நொடிகள் செய்வதை, ஃபில்டர் அடைத்துக்கொண்ட வீட்டில் சாதனம் தினமும் அனுபவிக்கிறது. அதன் முடிவை நான் கருகிய வைண்டிங்காக, மோட்டாருக்குள் சுற்றிய கம்பி எரிந்துபோனதாகப் பார்க்கிறேன்.

அடைத்துக்கொள்வது என்றதும் நினைவுக்கு வருகிறது. சோதனை என்றால் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 2014 செப்டம்பரிலிருந்து அங்கே வேக்குவம் கிளீனர்களுக்கு, நம் ஊர் ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவதைப் போல, மின்சிக்கன முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கூடவே 1600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. 2017 இல் அது 900 வாட்டாகக் குறைந்தது. முத்திரைக்கான சோதனையில் தூசிப்பையோ கிண்ணமோ காலியாக இருக்கும்போதே அளந்தார்கள். டைசன் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பை நிரம்ப நிரம்பக் காற்று குறையும். வீட்டில் யாரும் காலிப் பையோடு பெருக்குவதில்லை. ஆகவே இந்த முத்திரை வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது என்பது அவர்கள் வாதம். அது பையில்லாத சாதனம் விற்கும் கம்பெனி. தன் லாபத்துக்காகத்தான் வாதாடியது என்பதை மறக்க வேண்டாம். முதலில் தோற்று, மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்து, 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த முத்திரை விதிகளையே ரத்து செய்தது. உண்மையான பயன்பாட்டை ஒத்த நிலையில் அளக்கவில்லை என்பதுதான் காரணம். ஆள் ஏறாத பஸ்ஸை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்வரை ஓட்டிப்பார்த்து, அதன் டீசல் கணக்கை ஊருக்கெல்லாம் சொன்னால் எப்படி? அதைத்தான் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

ஒரு கண்டத்து அரசாங்கங்களின் சோதனையே இதனால் விழுந்திருக்கிறது. நீங்களோ பெட்டியைப் பிரித்த கையோடு, புத்தம் புதிய ஃபில்டரோடு, ஒரு கைப்பிடி ரவையைக் கொட்டி இழுத்துக் காட்டுகிறீர்கள். ரவையை எந்தச் சாதனமும் இழுக்கும். கனமும் இல்லை, ஒட்டும் தன்மையும் இல்லை, ஃபில்டர்வரை போகிற நுண்மையும் இல்லை. அடுத்து அரிசி, அடுத்து வண்ணக் காகிதத் துணுக்கு. படத்துக்கு அழகு, சரி. சோதனைக்கு?

வெளிநாட்டு ஆய்வகங்களில் கம்பளச் சோதனைக்கென்று ஒரு கலவை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் முறையில் 90 சதவீதம் சிலிக்கா மணல், 10 சதவீதம் டால்கம் பொடி. கம்பளத்தில் அதைத் தூவி உருட்டிப் புதைத்து, எவ்வளவு வெளியே வருகிறது என்று எடை போடுகிறார்கள். அவர்கள் வீட்டு அழுக்கு அது; அவர்களுக்கு ஏற்ற கலவை. நம் வீட்டு அழுக்குக்கு அப்படி ஒன்றை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். நான் கழற்றும் இயந்திரங்களுக்குள் என்ன கிடக்கிறது என்று சொல்கிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிடம் கோலப்பொடிக்கு. வாசலிலிருந்து காலோடு உள்ளே வருவதும், பூசையறை முன்னால் போட்டதும். கல்லை அரைத்த மாவு அது. தூசிக் கிண்ணத்தில் சுழன்று கீழே தங்க வேண்டியதில் மிக நுண்மையானது தங்காமல் ஃபில்டருக்குப் போய், மடிப்புகளுக்குள் புகுந்து, மழைக்காலத்து ஈரம் பட்டால் சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிவிடுகிறது. திருநீறும் அப்படியே. சாம்பிராணிச் சாம்பலை, உள்ளே கங்கு இருப்பது தெரியாமல் இழுத்து, கிண்ணத்தில் ஓட்டை போட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. அடுத்தது முடி, நீளமான முடி. கூடவே பூத்தொடுக்கும் வாழைநாரும் நூலும். இந்த ஊரில் மல்லிகை கட்டாத வீடு எது? சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீடுகளிலும் தையல் வேலை நடக்கும் வீடுகளிலும் தரையெல்லாம் நூல்துண்டு. இவை சுழல் பிரஷ்ஷின் இரு முனைகளிலும் சுற்றி, பேரிங்குக்குள் நுழைந்து, உருளையை இறுக்கிப் பிடித்துவிடும். பிரஷ்ஷைச் சுழற்றும் பெல்ட் அறும், அல்லது உருகும். பிரஷ்ஷைக் கத்தரிக்கோல் இல்லாமல் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்று காட்டுவதற்கு உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை ஒருவர்கூடச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

பிறகு நம் புழுதி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் அம்மி பறந்ததில்லை, புழுதி பறக்கும். மேலூர்ப் பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் இருப்பவர்கள் ஜன்னலையே திறப்பதில்லை. இந்த நுண்தூசிக்குத்தான் ஹெப்பா ஃபில்டர் என்று சொல்லி விற்கிறார்கள். எச்13 தர ஹெப்பா, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களில் 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ஃபில்டர் தாள் அதைச் செய்யும். ஆனால் ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் காற்று அந்த இடுக்கு வழியாகத் தப்பித்து, இழுத்த தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். "ஹெப்பா உண்டு" என்று டிக் போடுவதற்கு முன்னால், இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைப் பின்பக்கக் காற்று வரும் இடத்தில் அடித்துப் பாருங்கள். ஆய்வகம் வேண்டாம், கண் போதும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்காக வாங்குகிறவர்களுக்கு இது ஒன்றே முக்கியம்.

மின்னழுத்தத்தையும் சொல்ல வேண்டும். 230 வோல்ட் கணக்கில் செய்த சாதனம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில், மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீட்டில் அதே வேகத்தில் ஓடாது. ஒயர் இல்லாத பேட்டரி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை; ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நாற்பது, ஐம்பது நிமிடம் என்பது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் நேரம். முழு வேகத்தில் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துச் சொன்ன தம்பி ஒருவரைப் பார்த்தேன். அவருக்கு என் வாழ்த்து.

இனிக் காசு விஷயம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஓசியில் வந்த சாதனத்தைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. இது குணக்கேடு இல்லை, வளர்ப்பு அப்படி. அதனால்தான் 1936 இல் அமெரிக்காவில் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள் விளம்பரமே வாங்காமல், சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கின்றன. நம் நாட்டிலும் அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம், டெல்லியின் கன்ஸ்யூமர் வாய்ஸ் போன்றவை ஒப்பீட்டுச் சோதனைகளைச் செய்திருக்கின்றன. அவர்களைப் போல உங்களால் வாங்க முடியாது என்பது தெரியும். சட்டம் உங்களிடம் அதைக் கேட்கவும் இல்லை.

சட்டம் கேட்பது வேறு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம்வரை. பரிந்துரைக்கவே ஓராண்டுவரை தடை போடலாம். சொல்வதற்கு முன் உரிய அக்கறையோடு சரிபார்த்திருந்தால் அவருக்குத் தண்டனை இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல், இலவசமாக வந்த பொருளையும் கம்பெனியோடு உங்களுக்குள்ள தொடர்பு என்றே கணக்கில் எடுத்து, காணொளி என்றால் அந்தத் தொடர்பைக் காட்சியிலும் குரலிலும் தெளிவாக அறிவிக்கச் சொல்கிறது. நீங்களோ மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மூன்று நொடி காட்டுகிறீர்கள். திருமங்கலத்துப் பெரியம்மா அதைப் படிக்க வேண்டுமா? "இந்தச் சாதனத்தைக் கம்பெனி எனக்கு இலவசமாகத் தந்தது" என்று தமிழில், வாயால், தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மானம் போகாது.

ஆனால் அதைவிட என்னை உறுத்துவது, காணொளிக்குக் கீழே நீங்கள் வைக்கும் இணைப்பு. அதைத் தொட்டு யாராவது வாங்கினால் உங்களுக்குக் கழிவு, அதாவது கமிஷன், வருகிறது. எந்த மாடலை வாங்கினாலும் வருகிறது என்பதால் நீங்கள் ஒரு கம்பெனிக்குச் சாய்வதில்லை என்று வாதாடலாம். சரிதான். ஆனால் வாங்காமல் இருந்தால் எதுவும் வராதே. அதனால்தான் உங்கள் ஒப்பீடு எதிலும் "இவை எதுவும் உங்களுக்கு வேண்டாம்" என்ற முடிவு வருவதில்லை. டைல்ஸ் தரை, மூன்று அறை, கம்பளம் இல்லை, யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றால் பூந்துடைப்பமும் ஈரத் துடைப்பானும் போதும் என்று நான் கடைக்கு வருபவர்களிடம் சொல்கிறேன். மெத்தைக்கும் சோபாவுக்கும் வேண்டுமென்றால் குழாய் உள்ள சாதாரண வகையே போதும் என்கிறேன். அதைச் சொல்வதால் எனக்கு நட்டமில்லை, உங்களுக்கு உண்டு. இந்த நட்டத்தை எப்போதாவது ஏற்றுக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளித் தள்ளுபடிக்கும் ஒரு வாரம் முன்னால் மட்டும் ஒப்பீட்டுக் காணொளிகள் பெருகுவதை ஜனங்கள் கவனிக்காமல் இல்லை.

விற்பனைத் தளங்களின் நட்சத்திரங்களை நீங்கள் அப்படியே எடுத்துக் காட்டுவதும் சரியில்லை. அங்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பலர் எழுதியிருப்பது "சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்றாக இருந்தது" என்பது. அது கூரியருக்குக் கொடுத்த மதிப்பெண். பெட்டிக்குள்ளேயே "ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் பரிசுக் கூப்பன்" என்ற அட்டை இருந்ததைக் கடைக்கு வந்தவர் ஒருவர் காட்டினார். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது: எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுதவைத்ததை வெளியிடக் கூடாது, கெட்ட மதிப்புரைகளை ஒளிக்கக் கூடாது என்கிற போக்கில். விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற அளவில்தான் அது வந்தது. அந்தத் தரநிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காணொளி போடுங்களேன்.

கம்பெனிகளின் பக்கத்தையும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் ஒருதலையாகிவிடுவேன். ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறவர்களில் கணிசமானோர் மீது எனக்கு அனுதாபமில்லை. உலர்ந்த தூசிக்கு மட்டுமான சாதனத்தில் தண்ணீரை இழுக்கிறார்கள். ஃபில்டரைக் கழுவி, ஈரம் காயாமலே மாட்டி, நாற்றம் வருகிறது என்கிறார்கள். வீடு கட்டி முடித்த கையோடு டைல்ஸ் அறுத்த தூசியையும் சிமெண்டையும் இழுத்து, ஒரே நாளில் மோட்டாரைக் கொன்றுவிட்டு, மட்டமான சரக்கு என்று எழுதுகிறார்கள். அதையும் நீங்கள் "பயனாளர் கருத்து" என்று படித்துக் காட்டுகிறீர்கள். நல்ல சாதனம் ஒன்று இப்படிப் பெயர் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதன் மோட்டாரைப் போலக் கச்சிதமான வேலைப்பாட்டை அந்த விலையில் வேறு எதிலும் பார்க்கவில்லை. வீடு வீடாகச் சென்று வேக்குவம் கிளீனரை ஓட்டிக் காட்டி விற்ற காலம் ஒன்று இருந்தது. யுரேகா ஃபோர்ப்ஸ் 1982 இல் இந்தியாவில் அப்படித்தான் தொடங்கியது. டை கட்டிய பையன் உங்கள் மெத்தையில், உங்கள் கண்முன் இழுத்துக் காட்டுவான். விற்கத்தான் வந்தான், மறுக்கவில்லை. ஆனால் எது செய்யலாம் எது கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவான். அதுவும் உங்கள் வீட்டுத் தரையில்.

இன்னும் முக்கியமானது ஒன்று பாக்கி: உதிரிபாகம். ஓராண்டு உத்தரவாதம் முடிந்த மறுமாதம் பெல்ட் அறுந்தால் மதுரையில் கிடைக்குமா? சேவை மையம் மதுரையில் உண்டு என்று தளத்தில் போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் சாதனத்தை வாங்கி வேறு ஊருக்கு அனுப்பும் ஒரு மேசை மட்டும் இருக்கும். பேட்டரி வகையில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவப் பேட்டரி. அந்த மாடல் நிறுத்தப்பட்டால் நல்ல மோட்டாரும் குப்பைக்குப் போகும். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் என்ற துண்டு உள்ள பழைய மோட்டார் என்றால் தேய்ந்ததை மாற்றி ஓடவிடுவேன். மூடி ஒட்டப்பட்டுத் திருகாணியே இல்லாமல் வருவதை நான் என்ன செய்வது? மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்திருக்கிறது. நீங்கள் ஒப்பிடும் கம்பெனிகள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துச் சொன்னால், பாஸ்கல் எண்ணைவிட அது பயன்படும். பார்ப்பவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் சொல்லுங்கள். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம், அதுவும் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது: புதிய மாடலைப் பற்றிப் போடும் காணொளிக்கு "முதல் பார்வை" என்று பெயர் வையுங்கள், ஒப்பீடு என்று வைக்காதீர்கள். அதே சாதனத்தை ஓராண்டு கழித்து, ஃபில்டர் கறுத்து பேட்டரி தளர்ந்த நிலையில், மறுபடி எடுத்துக் காட்டுங்கள். அந்தக் காணொளிக்குப் பார்வை எண்ணிக்கை குறையும், கழிவும் வராது. பழைய மாடலைப் பற்றிப் பேசி யாருக்கு லாபம் என்றும் உங்களுக்குத் தோன்றும். அதை வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு லாபம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் என் கடைக்கு வரலாம். கருகிய மோட்டார்கள், அடைத்த ஃபில்டர்கள், நார் சுற்றி இறுகிய பிரஷ்கள் என்று ஒரு மூட்டை சேர்த்துவைத்திருக்கிறேன். எந்த மாடலில் எது முதலில் போகிறது என்று கழற்றிக் காட்டுகிறேன். உங்கள் சாதனத்தையும் கொண்டுவந்தால் திறந்து பார்த்துவிடலாம், கூலி வேண்டாம். ஞாயிறு கடை கிடையாது. மற்ற நாள்களில் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், மாலையில் கூட்டம் இருக்கும். படம் பிடிக்கும்போது வாடிக்கையாளர்களின் முகமும் ரசீதில் உள்ள பெயரும் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்சாதனம் பழுதுபார்க்கும் உங்கள் அண்ணன்,
சிம்மக்கல், மதுரை.